நின்ற வண்டி நிலைக்க

ஓடுகின்ற வண்டியைப் பற்றி நம் பாடநூல்கள் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. நின்றுவிட்ட வண்டியைப் பற்றி அவை பேசுவது அரிது. நின்றபின் பேச என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். இரண்டரை டன் எடையுள்ள வீடொன்றைச் சக்கரங்களோடு மலைச்சரிவில் நிறுத்தி, அதனுள் குழந்தைகளைத் தூங்கவைக்கும் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். நிரம்ப இருக்கிறது என்பார்.

அத்தகைய வீட்டைப் பற்றியதே இக்கட்டுரை. காரின் பின்புறத்திலுள்ள இரும்புக் குமிழில் மாட்டி இழுத்துச் செல்லும் வீட்டை அமெரிக்கர் டிராவல் டிரெய்லர் என்பர். ஆங்கிலேயர் கேரவன் என்பர். நம் நாட்டில் கேரவன் என்றவுடன் திரைப்பட நடிகர் இளைப்பாறும் சொகுசுப் பேருந்துதான் நினைவுக்கு வரும். அது தானே ஓடும் ஊர்தி. இதற்குச் சொந்த எஞ்சின் இல்லை. வேறுபாடு விளங்கும் பொருட்டு இதனை இழுவண்டி என்றே குறிப்பேன். உல்லாசப் பயணத்துக்கென்றே செய்யப்பட்ட முதல் இழுவண்டி என்று பலரும் சொல்வது, 1885இல் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் மருத்துவருக்காக இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலை கட்டித் தந்த ‘வாண்டரர்’ என்பதாகும். அதை இழுத்தவை இரண்டு குதிரைகள். குதிரை போய்க் கார் வந்தது, வண்டி பெருத்தது, படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, குளியலறை எல்லாம் உள்ளே ஏறிக்கொண்டன. ஆயினும் நிறுத்தும் கலை மட்டும் குதிரைக் காலத்தில் இருந்தபடியேதான் இருக்கிறது. ஒரு பலகை, ஒரு ரசமட்டம், இரண்டு மூன்று முட்டுக்கட்டைகள், அவ்வளவே கருவி.

கொலராடோ மாநிலத்தில் ஆராய்ச்சி மாணவனாக இருந்த ஈராண்டும் கோடைதோறும் நண்பர் குழுவோடு ராக்கி மலைப்பகுதி முகாம்களில் தங்கியதுண்டு. அப்பொழுது இக்கலையைக் கையால் பயின்றேன். அதன் கணக்கைப் பிறகு தாளில் போட்டுப் பார்த்தேன். மேற்படிப்புக்காக அங்குச் செல்லும் நம் சங்க நண்பர்கள் நால்வர் ஐவராகச் சேர்ந்து இவ்வண்டியை வாடகைக்கு எடுப்பது இப்பொழுது சாதாரணமாகிவிட்டது. வாடகை நிலையத்தார் குளியலறைக் குழாயைப் பற்றி நீண்ட விளக்கம் தருவார்கள். சக்கரக் கட்டையைப் பற்றி, “பெட்டிக்குள் இருக்கிறது” என்பதோடு முடித்துவிடுவார்கள். உயிர் போகக்கூடிய பகுதி இரண்டாவதுதான்.

மாட்டுவண்டியை அறிந்தவருக்கு இழுவண்டியின் அமைப்பு புதிதன்று. நடுவில் அச்சு, முன்னால் ஏர்க்கால், ஏர்க்காலின் நுனி மாட்டின் கழுத்துக்குப் பதிலாகக் காரின் குமிழில் அமர்கிறது. முன்பாரம், பின்பாரம் என்று நம் வண்டிக்காரர் சொல்வது இங்கும் உண்டு. மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு வரை ஏர்க்காலின் நுனியில் இருக்கவேண்டும் என்பது அமெரிக்கர் வழக்கம். 2500 கிலோ வண்டியானால் 250 முதல் 375 கிலோ முன்பாரம். எஞ்சியதெல்லாம் சக்கரங்களின்மேல். காரைக் கழற்றியவுடன் முன்பாரத்தைத் தாங்குவது ஏர்க்காலில் பொருத்தியுள்ள ஒற்றை ஜாக்கி. நாம் மாட்டை அவிழ்த்தபின் ஏர்க்காலுக்கு முட்டுக்கொடுக்கிறோம் அல்லவா, அதேதான்.

முதலில், மட்டமாக நிறுத்தவேண்டியது ஏன்? கட்டிலில் தலை தாழ்ந்து கால் உயர்ந்தால் தூக்கம் கெடும். தொட்டித் தண்ணீர் வடியாது. கதவு தானே திறந்து தானே மூடும். இவை சிறு தொல்லைகள். இவற்றைவிட முக்கியமான காரணம் குளிர்ப்பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது. அது மாணவர்களாகிய நமக்கு உவப்பான செய்தியும் ஆகும்.

1922இல் ஸ்டாக்ஹோம் நகரத்து அரச தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்ற பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முண்டர்ஸ் என்ற இரு மாணவர்கள், அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லாத குளிர்ப்பெட்டியைக் கண்டுபிடித்தனர். வீட்டுக் குளிர்ப்பெட்டியை மின்மோட்டார் ஓட்டுகிறது. இவர்களுடையதை ஒரு சிறு தீச்சுடர் ஓட்டியது. மின்சாரம் இல்லாத காட்டிலும் உருளை வாயுவைக் கொண்டே இயங்கும் என்பதால் இழுவண்டிக்கு இது மிகவும் ஏற்றதாயிற்று. மூடிய குழாய்களுக்குள் அம்மோனியா, நீர், ஹைட்ரஜன் ஆகிய மூன்றும் இருக்கும. சுடர் கொதிகலத்தைச் சூடாக்க, அம்மோனியா நீரிலிருந்து பிரிந்து ஆவியாகி மேலேறும். மேலே குளிர்ந்து நீர்மமாகும். பிறகு ஹைட்ரஜன் நிறைந்த குழாய்க்குள் இறங்கும். அங்கே மொத்த அழுத்தத்தின் பெரும்பகுதியை ஹைட்ரஜனே தாங்குவதால், அம்மோனியாவின் பங்கு அழுத்தம் மிகக் குறைவு. எனவே தாழ்ந்த வெப்பநிலையிலேயே அது ஆவியாகிவிடும். ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பெட்டிக்குள்ளிருந்து உறிஞ்சிக்கொள்ளும். வேதியியல் வகுப்பில் டால்ட்டன் விதியை மனப்பாடம் செய்து தேர்வோடு மறந்த நண்பர்கள் இந்தப் பெட்டியைத் திறந்து ஒரு கிண்ணம் தயிரை எடுக்கும்பொழுது அவ்விதியை நினைத்துக்கொள்ளலாம்.

இதில் பம்பு இல்லை என்றேன். அப்படியானால் நீர்மம் எப்படிச் சுற்றிவருகிறது? கொதிக்கும் குமிழிகள் அதை ஒரு மெல்லிய குழாய் வழியே மேலே தள்ளுகின்றன. பிறகு புவியீர்ப்பினால், சற்றே சரிந்த குழாய்களின் வழியாக அது மெல்ல வழிந்து கீழே வருகிறது. அந்தச் சரிவு மிகச் சிறியது. வண்டி ஒருபக்கம் சாய்ந்து நின்றால் குழாயின் சரிவு மறைந்துபோகும், நீர்மம் இடையிலேயே தேங்கும், கொதிகலத்துக்குத் திரும்பாது. சுடரோ அணைவதில்லை. வற்றிய கொதிகலம் மேலும் மேலும் சூடேறும். துருப்பிடிக்காதிருக்கக் கரைசலில் சேர்த்துள்ள குரோமேட் உப்பு படிந்து குழாயை அடைத்துவிடும். அதன்பின் வண்டியை எவ்வளவு மட்டமாக நிறுத்தினாலும் பெட்டி குளிராது. இத்தகைய பெட்டிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை ஒரு திசையில் 3 பாகை, அதற்குக் குறுக்குத் திசையில் 6 பாகை. எத்திசைக்கு எது என்பது பெட்டியைப் பொருத்திய முறையைச் சார்ந்தது. அதன் கையேட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஓடும்பொழுது வண்டி இதைவிட அதிகமாகச் சாய்கிறதே, அப்பொழுது கெடாதா? கெடாது. ஓட்டத்தில் வண்டி இப்பக்கமும் அப்பக்கமும் மாறி மாறி ஆடுவதால் தேங்கிய நீர்மம் உடனே விடுபடுகிறது. சாய்ந்து நிற்பதுதான் தீங்கு. இப்பொழுது வரும் புதிய வண்டிகள் பலவற்றில் பாட்டரியால் ஓடும் கம்ப்ரெசர் வகைப் பெட்டி வந்துவிட்டது. அதற்கு இவ்வளவு கட்டுப்பாடு இல்லை. ஆனால் வாடகைக்குக் கிடைக்கும் பழைய வண்டிகளில் சுடர்ப்பெட்டி இன்னும் உண்டு.

மட்டத்தில் இரண்டு உண்டு: இடவல மட்டம், முன்பின் மட்டம். இவ்விரண்டின் வேறுபாட்டை உணர்ந்தவருக்கு மற்ற முறையெல்லாம் தானே விளங்கும். முன்பின் மட்டத்தை ஏர்க்கால் ஜாக்கியைச் சுழற்றியே சரிசெய்யலாம்; அதற்குக் கார் வேண்டியதில்லை. இடவல மட்டமோ சக்கரங்களைப் பொறுத்தது. தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தைப் பலகையின்மேல் ஏற்றவேண்டும். ஏற்றுவதற்குக் கார் இழுக்கவேண்டும். ஆகவே இடவலம் காரோடு இருக்கும்பொழுதே முடியவேண்டும். முன்பின் கார் போனபிறகு. இந்த இரண்டுக்கும் நடுவில், கார் கழலும் அந்த ஒரு நிமிடம் இருக்கிறது. முட்டுக்கட்டையின் வேலை அங்கேதான்.

பலகை எவ்வளவு தடிப்பாக இருக்கவேண்டும் என்பதைக் கண்ணால் மதிப்பிட்டு, ஏற்றி இறக்கி, மீண்டும் ஏற்றி, அரைமணி நேரம் பாடுபடுவோரைப் பார்த்திருக்கிறேன். கணக்கு மிக எளிது. 60 செ.மீ. நீளமுள்ள ரசமட்டத்தை வண்டியின் தரையில் இடவலமாக வையுங்கள். தாழ்ந்த முனையை விரலால் தூக்கி, குமிழி நடுவுக்கு வந்ததும் அடியிலுள்ள இடைவெளியை அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். இரண்டு பக்கத்துச் சக்கரங்களுக்கும் இடைத்தூரம் 2 மீட்டர் என்றால், அந்த இடைவெளியை 200க்கு 60 என்ற விகிதத்தில் பெருக்கினால் பலகையின் தடிப்பு கிடைக்கும். இடைவெளி 2 செ.மீ. என்றால் பலகை ஏறத்தாழ 6.7 செ.மீ. வேண்டும். சாய்வு 3 பாகையானால் பத்தரை செ.மீ. தேவைப்படும். அவ்வளவு உயரத்துக்கு ஏற்றுவதைவிட இன்னும் பத்தடி தள்ளி வேறு இடம் பார்ப்பதே மேல் என்பது என் கருத்து. ரசமட்டம் இல்லாவிட்டால், நம் கொத்தனார் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாய் முறை இன்னும் துல்லியமானது. ஒளி ஊடுருவும் குழாயும் ஒரு குவளைத் தண்ணீரும் போதும்.

பலகை டயரின் முழு அகலத்தையும் தாங்கவேண்டும். பாதி டயர் வெளியே தொங்கினால் அதன் உட்கட்டமைப்பு கெடும். ஒரு பக்கத்தில் இரண்டு சக்கரங்கள் உள்ள வண்டியானால் இரண்டையும் ஏற்றவேண்டும்.

இனி முட்டுக்கட்டைக்கு வருவோம். அமெரிக்க இழுவண்டிகளில் சக்கரத்துக்குத் தடை உண்டு. ஆனால் அது காரிலிருந்து வரும் மின்சாரத்தால் பிடிப்பது. கம்பியை உருவியவுடன் அது விட்டுவிடும். ஓடும்போது வண்டி அறுந்துபோனால் பிடிக்க ஓர் அவசரத் தடை இருக்கிறது. அது வண்டியின் பாட்டரி தீரும்வரைதான் பிடிக்கும். இரவெல்லாம் நிறுத்திவைக்க அதை நம்பலாகாது. ஐரோப்பியக் கேரவன்களில் கைத்தடை உண்டு. அமெரிக்க வண்டிகளில் பெரும்பாலும் இல்லை. எனவே காரின் குமிழிலிருந்து விடுபட்ட கணத்தில், அவ்வண்டியின் சக்கரங்களைத் தடுக்க உலகத்தில் எதுவுமே இல்லை, நாம் வைத்த கட்டையைத் தவிர.

எவ்வளவு சரிவில் வண்டி உருளும்? கெட்டியான தார்த்தளத்தில் டயரின் உருளுராய்வு எடையில் நூற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை வரை. 2500 கிலோ வண்டியை அது 25 முதல் 37 கிலோ விசையால் தடுக்கும். சரிவு 1 பாகையானால் வண்டியைக் கீழே இழுக்கும் விசை 44 கிலோ. ஆகவே ஒரு பாகைக்கும் குறைந்த சரிவிலேயே வண்டி தானாக உருளத் தொடங்கிவிடும். ஒரு பாகை என்பது நூறடிக்கு இரண்டடிகூட இல்லை. கண்ணுக்கு அது சமதளம். “இங்கே சமமாகத்தானே இருக்கிறது, கட்டை எதற்கு?” என்ற கேள்விக்கு விடை இதுவே.

3 பாகைச் சரிவில் இழுவிசை 131 கிலோ. உராய்வைக் கழித்தாலும் 94 கிலோ எஞ்சும். ஓர் ஆள் தோள்கொடுத்துத் தாங்க நினைப்பது வீண். பத்து மீட்டர் உருண்டால் வேகம் மணிக்கு ஏறத்தாழ 10 கி.மீ. ஆகிவிடும். சைக்கிள் வேகந்தானே என்று எண்ணவேண்டா. சைக்கிளுக்கு இரண்டரை டன் இல்லை. அந்நேரத்தில் யார் எங்கே நிற்பார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஒருவர் ஏர்க்காலருகே குனிந்து ஜாக்கியைச் சுழற்றுவார். மற்றொருவர் பின்னால் நின்று, “வரலாம், வரலாம்” என்று கைகாட்டிக்கொண்டிருப்பார். உருளும் வண்டியின் பாதையில் நிற்பவர் அவர்தான். ஓடும் வண்டியைக் கண்டால் தாவிப் பிடிக்கத் தோன்றும். அது மனித இயல்பு. பிடிக்கக்கூடாது, விலகவேண்டும் என்பதைக் குழுவினர் அனைவரும் முன்கூட்டியே பேசிக்கொள்வது நலம்.

கட்டை எப்படிப்பட்டதாக இருக்கவேண்டும்? சக்கரத்தின் ஆரம் 35 செ.மீ., அதன்முன் 5 செ.மீ. உயரமுள்ள திடமான தடை என்று கொள்வோம். அதன்மேல் சக்கரம் ஏற வேண்டுமானால் சக்கரத்தின்மேலுள்ள பாரத்தில் பத்தில் ஆறு பங்கு விசை தேவை என்று வடிவகணிதம் காட்டும். மலைச்சரிவு தரும் விசையோ நூற்றுக்கு ஐந்தாறு பங்கு. ஆகவே கட்டையைச் சக்கரம் ஏறிக் கடப்பது அரிது. கட்டைகள் தோற்பது சறுக்கித்தான். ஈரப் புல்லின்மேல் பிளாஸ்டிக் கட்டை சோப்புத்துண்டு போல் நழுவும். தார்த்தளத்துக்கு ரப்பர், சரளை மண்ணுக்குக் கனமான மரக்கட்டை. உருண்டைக் கல் எதற்கும் உதவாது. சக்கரத்தோடு தானும் உருளும்.

கட்டை போடுவதில் தமிழருக்குப் பழைய அனுபவம் உண்டு. தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர் ஆயிரம் பேராயினும் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் சிலரே. அவர்களுடைய கட்டையைக் கூர்ந்து பார்த்தவர்கள் அது ஆப்பு வடிவாகச் செதுக்கப்பட்டிருப்பதை அறிவார்கள். சக்கரத்தின் பாரமே அதைத் தரையோடு அழுத்துகிறது. அழுந்த அழுந்தப் பிடிப்பு மிகுகிறது. இழுவண்டிக்கு விற்கும் கட்டையும் அதே வடிவந்தான்.

வைக்கவேண்டிய இடம், பலகையில் ஏறாத பக்கத்துச் சக்கரம். பலகையில் ஏறிய சக்கரத்துக்கு வைத்தால் கட்டையும் பலகையின்மேலேயே இருக்கவேண்டும். தரையில் வைத்தால் இடையில் சந்து விழும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் இரண்டு கட்டை, டயரோடு ஒட்டியபடி. சரிவு ஒரு பக்கந்தானே, ஒன்று போதாதா என்றால் போதாது. ஜாக்கியைச் சுழற்றி ஏர்க்காலை உயர்த்தும்பொழுது வண்டி அச்சைச் சுற்றித் திரும்பும். சக்கரம் சிறிதளவு எதிர்த்திசையிலும் நகரப் பார்க்கும். இரட்டைச் சக்கர வண்டிகளில் இரண்டு டயருக்கும் இடையே திருகி இறுக்கும் ஒருவகைக் கட்டை உண்டு. வண்டிக்குள் நடக்கும்போது ஏற்படும் ஆட்டத்தைக் குறைக்க அது நல்லது. ஆனால் இரவுக் குளிரில் டயர் சுருங்கினால் அதன் பிடி தளரும். தரையிலுள்ள கட்டைக்கு அது துணையாகலாம், ஈடாகாது.

கட்டை வைத்தாயிற்று. உடனே கழற்றிவிடலாமா? இங்கேதான் அங்குள்ள அனுபவசாலிகளிடம் நான் கற்ற மிகச் சிறந்த பழக்கம் வருகிறது. கார் இன்னும் குமிழில் மாட்டியிருக்க, பாதுகாப்புச் சங்கிலிகளும் மாட்டியிருக்க, காரின் தடையை மெல்லத் தளர்த்தவேண்டும். வண்டி சரிவின் திசையில் ஓர் அங்குலம் அசைந்து கட்டையின்மேல் சாய்ந்து நிற்கும். கட்டை பிடித்ததா, நழுவியதா என்று அப்பொழுதே தெரிந்துவிடும். நழுவினால் காரின் தடையை மிதித்தால் போயிற்று, யாருக்கும் சேதமில்லை. பிடித்தது உறுதியானபின் காரின் கைத்தடையைப் போட்டு, ஜாக்கியின் அடியில் பலகை வைத்து, மின்கம்பியை உருவி, ஏர்க்காலைக் குமிழிலிருந்து உயர்த்தலாம். ஏர்க்கால் குமிழை முழுவதும் விட்டு மேலே வந்தபின்பே சங்கிலியைக் கழற்றவேண்டும். முன்னால் கழற்றுவோர் பலர். பளுவைப் பங்கிடும் வில்கம்பிகள் உள்ள வண்டியானால் அவற்றின் இறுக்கத்தைக் குமிழுக்கு முன்னால் தளர்த்தியிருக்கவேண்டும். அவற்றில் அடங்கியிருக்கும் விசை கையை முறிக்கப் போதுமானது.

இதன்பின் முன்பின் மட்டம். அச்சிலிருந்து ஜாக்கிவரை நாலரை மீட்டர் என்றால், 3 பாகையைத் திருத்த ஏறத்தாழ 24 செ.மீ. உயர்த்தவோ தாழ்த்தவோ வேண்டும். ஜாக்கிக்கு அதில் சிரமம் இல்லை.

கடைசியாக நான்கு மூலைகளிலும் உள்ள கால்களை இறக்கவேண்டும். இவற்றைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. மட்டம் சற்றுக் குறைந்த மூலையை இக்காலால் தூக்கிவிடலாம் என்று திருகுவார்கள். இவை ஆட்டத்தை நிறுத்த வந்தவை. பாரம் தாங்க வந்தவை அல்ல. தூக்கினால் கால் வளையும், அல்லது வண்டியின் சட்டம் முறுக்கிக்கொண்டு கதவு மூடாமல் போகும். தரையில் அழுந்தத் தொட்டதும் மேலும் சிறிது திருகி நிறுத்திவிடவேண்டும். ஆனால் கால்களை இறக்காமல் உள்ளே போவதும் கூடாது. கார் இல்லாத வண்டியில் நாலைந்து பேர் ஒருசேரப் பின்பக்கம் போய் உட்கார்ந்தால் பின்பாரம் மிகுந்து ஏர்க்கால் மேலே எழும்பிவிடக்கூடும். குடை சாய்ந்த மாட்டுவண்டியைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்கவேண்டியதில்லை.

புறப்படும்பொழுது இதே முறை தலைகீழாக: மூலைக்கால்களை ஏற்றி, காரைப் பின்னால் கொணர்ந்து, குமிழில் பூட்டி, சங்கிலியும் கம்பியும் மாட்டியபின்னரே கட்டையைத் தொடவேண்டும். காலையில் புறப்படும் அவசரத்தில், “நான் கட்டையை எடுத்து வைக்கிறேன், நீ காரைக் கொண்டுவா” என்று வேலையைப் பிரித்துக்கொள்ளும் நண்பர்கள் உண்டு. வேலையைப் பிரிக்கலாம், கட்டையை மட்டும் காரை ஓட்டுபவரே இறங்கிவந்து எடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்த கட்டையைப் பெட்டிக்குள் போடுங்கள். நம் மலைப்பாதைகளில் லாரி நின்ற இடத்தில் சக்கரத்துக்கு வைத்த பெருங்கல் அப்படியே கிடப்பதைக் காணாதவர் இருக்கமாட்டார். இறக்கத்தில் விளக்கு மங்கலான மோட்டார் சைக்கிளில் இரவில் வருபவருக்கு அந்தக் கல் கடைசி நொடிவரை தெரியாது. கட்டைக்கு ஒரு கயிற்றைக் கட்டி மறுமுனையைக் கைப்பிடியில் முடிந்துவைக்கும் லாரிக்காரர்களும் உண்டு. கட்டையை மறந்து கிளம்பினாலும் அது கூடவே இழுபட்டு வந்து சத்தம் போடும். இழுவண்டிக்கும் அதைச் செய்யலாம். இரண்டு முழக் கயிறு போதும்.